இடமிருந்து மூன்றாவது

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறவர் என் வீட்டுக்காரர்.
ரப்பர்த் தோட்டத்துத் தேன் குளிர்ந்தால் உறையும்,
பாட்டிலின் அடியில் மணல் மாதிரி.
'சீனி சேத்ததா?' என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவர்களிடம்
சண்டைக்கே போவார்:
"கண்ணாலயா ஓய் தேன் குடிக்கிறீரு?"

அந்த மனிதர்தான்
கவடியாரில் ஏசி போட்ட கடையில்
மெழுகேற்றிய தேக்கு நிறப் பெட்டிகள் இரண்டின் முன்னால்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்,
பெண் பார்க்க வந்தவர்போல.

விலை ஆறே கால் லட்சம்.
அதே விலையில் பக்கத்தில் இன்னொரு ஜோடி.
சாம்பல் நிறம், மூலையெல்லாம் கூர்,
மருந்துக்கடைக் குளிர்ப்பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி.
"சவுண்டு வேணுமெங்கில் இது," என்றான் பிஜோய்,
மலையாளத்தைத் தமிழில் நனைத்து.
"வீட்டில வைக்கான் அது."

நான் சாம்பலின் பக்கம்.
"ஒரு நாளைக்கு ஒரு மணிக்கூர் கேப்போம், ஹெப்சி.
பாக்கி இருவத்திமூணு மணிக்கூரும்
பாக்கத்தானே வேணும்?" என்றார்.
கணக்கு சரிதான்.
ஆனால் அது இவர் போடுகிற கணக்கு இல்லை.
அப்போதே சந்தேகம் தட்டியிருக்கலாம், தட்டவில்லை.

பிஜோய் போட்டுக் காட்டியதில்
கண்ணாடி உடைந்தது, குதிரை ஓடியது,
யாரோ காதுக்குள் மூச்சு விட்டார்கள்.
"எங்க வீட்டுல குதிரை கிடையாது தம்பி,"
கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தேன்.
போன கிறிஸ்துமஸில் எங்கள் சபைப் பாடகர் குழு.
பதினாலு பேர், இரண்டு மைக்.
இவர் சட்டென்று மணி பார்த்தார்.
"களியக்காவிளையில பிளாக் ஆவும். போவலாமா?"

முதலில் தேக்கு.
பாயசம். பதினாலு பேருக்கும் ஒரே தொண்டை.
கல்யாண ஆல்பத்தில்
ஸ்டூடியோக்காரர் எல்லார் முகத்துக்கும் பூசிய
அதே ஒரு பவுடர்.
எனக்குக் கண் நிறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சாம்பல்.
கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை.
ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ தாள் திருப்பினார்கள்.
ஆலயத்தின் கூரைக்கு உயரம் வந்தது.
அப்புறம் ஒவ்வொருவராகக் கடைக்குள் வந்து நின்றார்கள்:
வலக்கோடியில் டென்னிசன் மாஸ்டரின் கரகரப்பு,
நடுவில் பிளஸ்ஸி, மூச்செடுக்கும் முன் அவளுடைய சின்ன விக்கல்,
இடமிருந்து மூன்றாவதாக
யாரோ ஒருத்தி,
உச்சி வரும்போதெல்லாம் சுருதிக்குச் சற்றே கீழே.
அதிகமில்லை,
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று நினைத்து
இருட்டில் தரையில் கால் வைக்கிறோமே, அவ்வளவு.
யாரிவள் என்று எரிச்சலோடு தேடினேன்.

இடமிருந்து மூன்றாவது
பதினோரு வருடமாக என் இடம்.

"எந்தொரு கிளாரிட்டி!" கண்மூடிச் சொன்னான் பிஜோய்.
இவர் பெட்டியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.
கம்பளத்தில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அமரவிளையில் மழை பிடித்தது.
"தெரியுமா உங்களுக்கு?"
"என்னது?"
"கீழ போறது."
கோழிக்கூண்டு ஏற்றிய லாரி ஒன்று
எங்களை நனைத்துக்கொண்டு தாண்டியது.
"நம்ம வீட்டு ரேடியோல
அவ்வளவாத் தெரியல்ல," என்றார்.

பாறசாலை வரைக்கும் பேச்சில்லை.
முன்பணம் கட்டியது நான். ரசீது என் மடியில்.
சாம்பல் நிறம், ஒரு ஜோடி,
வியாழக்கிழமை வீட்டில் இறக்குவார்கள்.
பயிற்சி புதன்கிழமை.

களியக்காவிளையில் சொன்னமாதிரியே பிளாக்.
முன்னால் சிவப்பு விளக்குகள், எஞ்சின் அணைத்த பேருந்துகள்.
அந்த உச்சியை மட்டும்
வாய்க்குள்ளேயே ஒருமுறை ஏறிப் பார்த்தேன்.
இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக.

மழை நின்றிருக்கவில்லை.
இவர் கை நீட்டி
வைப்பரை நிறுத்தினார்.