மூன்றாம் வியாழன்

மழை விட்டபாடில்லை.
புத்தகம் வந்தபாடில்லை.

தேவாலயத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில்
எழுபத்தாறில் ஒரு பங்காய்ச் சுருங்கிய எங்கள் வேல்ஸ்:
காபித்தூளில் உழுத வயல்,
பல்குத்தும் குச்சியில் வேலி,
நான்கு வருடமாய் ஒரே ரயிலுக்குக் காத்திருக்கும்
சிவப்புக் கோட்டுப் பெண்.
அவள் கால் மேடையோடு ஒட்டப்பட்டிருக்கிறது.
எங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஐந்து முறை தபால்பெட்டியைத் திறந்துவிட்டான் கெதின்.
"அச்சகத்தில் தாமதமாம்" என்கிறாள் மென்னா,
சிக்னல் கம்பத்துப் பெயின்டை ஊதி ஊதி உலர்த்தியபடி.
ஏப்ரலில் வந்த படக்காரர்
எங்கள் பாலத்தின் முன் மண்டியிட்டதை
எட்டாவது தடவையாகச் சொல்கிறார் இட்வால்.
மண்டியிட்டது உண்மைதான். லென்ஸ் மூடியைத் தேடி.

பதினொன்றேகாலுக்கு வந்தது,
ஒரு மூலை நனைந்து.
நாற்பத்திரண்டாம் பக்கம். எங்கள் நிலையம்!
ஆனால் ஆறு வடக்கே ஓடுகிறது.
சிக்னல் பெட்டி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.
பெயர்ப்பலகையில் எழுத்துகள் புறங்காட்டி நிற்கின்றன.
இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்.

இட்வால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
பிழை அதில்தான் இருப்பதுபோல.
அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள் என்றேன்.
அடுத்த இதழ்!
கெதின் என்னை முறைத்தான்.

மென்னா கைப்பையிலிருந்து
முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து
பக்கத்தின் அருகே பிடித்தாள்.
ஆறு திரும்பியது. எழுத்துகள் முகம் காட்டின.
சிவப்புக் கோட்டுக்காரி சரியான திசையில் பார்த்தாள்.
அவளுக்குப் பின்னால், மலைக்கும் மேலே,
இடித்துக்கொண்டு எங்கள் நான்கு தலைகள்,
ஏதோ வண்டி வருவதுபோல.