ர ஒலிக்கும் மாதங்கள்

டிசம்பரில் ஹாமர்ஃபெஸ்ட் ஊரில்
ஞாயிறு என்பது கிழமை மட்டும்.

மருத்துவமனைக் கீழ்த்தளத்தில்
நான் இரத்தம் சுழற்றுகிறவள்.
சுழன்று நின்ற குழாயின் அடியில் சிவப்பு தங்க
மேலே இரண்டு விரற்கடை மஞ்சள் தெளியும்.
அதனிடம்தான் எந்திரம் கேட்கும்:
போன கோடையில் எவ்வளவு வெயில் சேர்த்தாய்,
எவ்வளவு மிச்சம்?

பதில் தாளில் விழும்.
மீன் ஆலையில் இரவெல்லாம் செதில் கழுவும்
அஸ்மராக்காரி செனாயித்துக்குப் பத்தொன்பது.
கலைமான்களோடு அலையும் மாஹ்தேவுக்கு எழுபத்தொன்று,
கொழுத்த மீனாய்ப் பார்த்துத் தின்கிறவன்.
கள்ளப் பெயரெழுதி நான் ஓட்டிய என் குழாய்க்கு
முப்பத்திரண்டு.
யாரிடமும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் தேதி வந்தது ஓர் எண்:
நானூற்றுப் பதினேழு.

எந்திரத்தைச் சந்தேகித்தேன்.
துடைத்தேன், சரிபார்க்கும் நீர் ஊற்றினேன்,
மறுபடி ஓட்டினேன்.
நானூற்றுப் பதினேழு.
நவம்பரிலேயே சூரியன் கடைசாத்திப் போன ஊரில்
ஒருவர் மட்டும் நடுப்பகலாய் எரிந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் ஓட்வார்,
கப்பல் எந்திரம் பழுதுபார்த்து ஓய்ந்தவர்.
தீராத தாகம். ஜன்னல் விளிம்புப் பனியை
வழித்து வழித்துத் தின்றாராம்.
எலும்பிலிருந்து கிளம்பிய சுண்ணாம்பு
இரத்தத்தில் கரைந்து ஓட,
இது எந்தத் துறைமுகம், கயிறு எப்போது அவிழ்ப்பீர்கள் என்று
தாதியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதை பிறகு துண்டு துண்டாய் இறங்கி வந்தது,
லிஃப்டில், எச்சில் தட்டுகளோடு.

நாற்பது வருடம் அந்த வீட்டில்
மாதத்தின் பெயரில் ர ஒலித்தால்
ஆளுக்கொரு கரண்டி மீன் எண்ணெய்.
செப்டம்பரில் தொடங்கி ஏப்ரலில் நிற்கும்.
கரண்டியை நீட்டுவது போர்கில்ட்,
மூக்கைப் பிடித்து விழுங்குவது இவர்.

ர இல்லாத ஆகஸ்டில்
வெயிலைத் தேடி ஸ்பெயினுக்கே போய்விட்டாள் போர்கில்ட்,
இரண்டு பெட்டியோடு.
சண்டையில்லை. எலும்பு வலிக்கிறது என்றாள்.
நவம்பரில் ஒரு பொதி வந்தது.
கட்டைவிரல் உயரப் புட்டிகள் பன்னிரண்டு.
நாளுக்கு ஒரு சொட்டு என்று
அவருக்குத் தெரியாத மொழியில்
எறும்பெழுத்தில் அச்சிட்டிருந்தது.

அவர் கரண்டியை எடுத்தார்.

ஒரு புட்டிக்கு இரண்டு கரண்டி.
பத்து வருடத்துக்கு அவள் அனுப்பிய வெயில்
இருபத்துநான்கு நாளில் தீர்ந்தது.
மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்றாராம்,
நாற்றமே இல்லையே.

உப்புநீர் ஏற்றினார்கள். பாலை நிறுத்தினார்கள்.
விதிப்புத்தகம் பிசகாத மருத்துவர் சுன்னிவா
தாளைப் பார்த்துப் படித்தாள்:
"வெயிலில் போகக் கூடாது."
மணி காலை ஒன்பது. ஜன்னலில் மையிருட்டு.
ஓட்வார் அன்றுதான் முதலில் சிரித்தார்.

கொழுப்பில் பதுங்கிய வெயில் லேசில் இறங்காது.
வாராவாரம் கையை நீட்டினார்.
முந்நூற்றுத் தொண்ணூறு.
முந்நூற்று அறுபத்தாறு.
ஜனவரி பிற்பாதியில் ஒரு நாள்
மலைமுகட்டில் சூரியன் நகக்கண் அளவு காட்ட,
ஊரே தெருவில் நின்று
ஜாம் வைத்த சூரிய ரொட்டி தின்றது.
தோலுக்கு அதனால் ஒரு பைசாப் பயனில்லை,
மார்ச் வரைக்கும் அது படத்துச் சூரியன்.
ஆனாலும் நானும் இரண்டு தின்றேன்.
அவர் மட்டும் திரையை இழுத்துவிட்டு
உத்தரவுப்படி உள்ளே இருந்தார்.

மறுவாரம் ரப்பர் பட்டையைக் கட்டும்போது கேட்டார்:
உனக்கு எவ்வளவு?

எந்திரத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததைச் சொன்னேன்.

போன வாரத்துத் தன் முந்நூற்றுப் பதினான்கோடு
என் முப்பத்திரண்டைக் கூட்டி
உதடு அசைய வகுத்துப் பார்த்தார்,
ஒரே படகில் போனவர்கள்
கரையில் மீன் பங்கிடுவதுபோல.
"ஆளுக்கு நூற்றெழுபத்துமூன்று" என்றார்.
சட்டைக்கையை இன்னொரு மடிப்பு ஏற்றினார்.