பதினொரு விநாடி

சாவியைத் திருப்பினால் எழுந்துவிடும்.
அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.
மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்துத் திருப்பினால்
புகோய்னோவின் மார்ச் குளிரிலும்
ஒரே முயற்சியில் உறுமும்.
பிறகு பதினொரு விநாடி.
பிறகு, பேச்சின் நடுவே
பெயர் மறந்துபோனவர் போலத் தயங்கி
இருமுறை குலுங்கி
நின்றுவிடும்.

லியூப்கோ வந்தது அதை வாங்க.
யாய்ட்ஸேயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.
கோல்ஃப் டீசல், ஆயிரத்து எண்ணூறு மார்க்
என்று தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.
நின்றுபோவதைச் சொல்லவில்லை.
எனக்குக் கூரைத் தகரம் வாங்க வேண்டும்.
நேற்றுவரை ஓடிய வண்டி என்றேன்.
எந்த நேற்று என்று அவர் கேட்கவில்லை.

முதல் முறை நின்றதும் என்னைப் பார்த்தார்.
இரண்டாம் முறை கைக்கடிகாரத்தை.
மூன்றாம் முறை சட்டைக்கையை மடித்துவிட்டார்.

பம்ப் போயிருக்கும். ஆயிரத்து நானூறு.
பம்பின் தலையில் சொருகிய ஒற்றை ஒயரைப்
பிடுங்கி மறுபடி தொட்டார்: டக்.
இன்னொரு தரம்: டக்.
வால்வுக்கு உயிர் இருக்கிறது, ஆனாலும், என்று இழுத்தார்.
ஆயிரத்து இருநூறு.
ஃபில்டர் புதிது என்று பில்லைக் காட்டினேன்.
பில் வண்டியை ஓட்டாது என்றார்.
கம்ப்ரஷனே விழுந்திருந்தால்?
தொள்ளாயிரம்.

தொள்ளாயிரம் அடிமாட்டு விலை.
ஆனால் பாதிக் கூரைக்குத் தகரம் வரும்,
படுக்கும் பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம்.
சரி என்று சொல்ல வாய் திறந்தேன்.
அவர் கையை உயர்த்தினார்.
"பொறுங்கள்."

இங்கேதான் அந்த மனிதர் எனக்குப் பிடிபடவில்லை.
கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.
எழுந்து எழுந்து நின்றுபோகும் ஒன்றை
ஏன் என்று தெரியாமல்
வாங்க அவரால் முடியவில்லை.
காசாசையையே ஜெயிக்கிற அரிப்பு.

காலி ஜூஸ் பாட்டில் கேட்டார்.
டீசல் ஊற்றி, பானெட் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு,
டேங்கிலிருந்து வரும் குழாயை விலக்கிவிட்டு
போவதும் திரும்புவதும் பாட்டிலிலேயே என்று மாற்றினார்.
நான் திருப்பினேன்.
ஒன்பது. பத்து. பதினொன்று.
நாற்பது.
இருநூறுவரை எண்ணிவிட்டு அணைத்தோம்.
எஞ்சின் நிரபராதி.

அப்புறம் சேற்றில் மல்லாந்து படுத்தார்.
பின்சக்கரத்தின் பக்கம், டேங்கின் வாயருகே
கிளிப் இறுக்கிய இடத்தில்
ரப்பர் குழாயில் ஒரு விரிசல்,
நகக்கண் அழுக்கு அளவு.
சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை.
இந்த இடத்தில் டீசல் வெளியே ஒழுகாது,
காற்றைத்தான் உள்ளே இழுக்கும் என்றார்.
ஒரு மாதமாக நான் தரையில் அல்லவா
கறை தேடிக்கொண்டிருந்தேன்.

பிளம் சாராயம் இறக்கும் பிளாஸ்டிக் குழாய்,
உள்ளே ஓடுவது தெரியும் வகை,
நிலவறையில் இருந்தது. ஒரு முழம் அறுத்துக் கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தவர்
வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார்.
ஓட்டிப் பார்த்தோம்.
குழாயில் குமிழ்கள் வந்தன, குறைந்தன.
ஒன்று மட்டும் வளைவில் ஒட்டிக்கொண்டிருந்தது.
அதுவும் போனது.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.
விலையை இருவரும் எடுக்கவில்லை.
அந்தச் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்த
ஏனோ கூச்சமாக இருந்தது.
நான் மறைத்தது அவருக்குத் தெரியும்.
அவர் கிளப்பிய பயங்கள் எனக்குத் தெரியும்.

கடைசியில் பானெட்டின் மேல் எண்ணி வைத்தார்:
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
பத்து மார்க், சேற்றுச் சட்டைக்கு.
குழாய் என்னுடையது என்றேன்.
இன்னும் ஐந்து வைத்தார்.

சரிவில் இறங்கிப் போனபோது
பழக்கதோஷம், வேலியருகே நின்று எண்ணினேன்.
பதினொன்றில் பாலம்.
பன்னிரண்டு.
பதின்மூன்றில், மர ஆலைச் சுவருக்கு அப்பால்
சத்தம் அறுந்தது.
நின்றுவிட்டதா, சுவர் மறைத்ததா
என்று பார்க்க
வீட்டுச் செருப்போடு பாலம்வரை ஓடினேன்.

சாலை காலி.
கொஞ்சம் புகை.