எண்பது சதவீதம்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
இளநீர் லாரிகள் வரிசை கட்டும் அதிகாலையில்
கம்ப்யூட்டர் தானே அணைந்து
தானே எழுந்தது.
ஆடியோ டிரைவர் புதுப்பிக்கப்பட்டதாம்.
நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எதுவுமே சரியாகக் கேட்கவில்லை.
பிரவுசருக்குள் எல்லோரும்
தலையணையில் வாய் வைத்துப் பேசுகிறார்கள்.

என் பிழைப்பே காதுதான்.
இன்சூரன்ஸ் கம்பெனி விசாரித்த குரல்கள்
பிரவுசரில் மட்டும் ஓடும், இறக்கிவைக்க விடாது.
கேட்டுத் தட்டினால் நிமிடத்துக்கு ஒன்பது ரூபாய்.
புரியாத இடத்தில் 'தெளிவில்லை' போடலாம்.
மூன்றைத் தாண்டினால் ஒரு ரூபாய் பிடிப்பார்கள்.

பதினோராவது பைல்.
எருத்தேம்பதி துளசிமணி, வயது நாற்பத்தாறு.
புருஷன் கள்ளு வண்டி டிரைவர்.
கோபாலபுரம் வளைவில் வண்டி கவிழ்ந்தது.
ஏற்கெனவே மூன்று 'தெளிவில்லை' போட்டாயிற்று.
நான்காவது இடத்தில்
குரலை ஓட்டி ஓட்டிப் பார்த்து
காதில் விழுந்ததை அடித்தேன்:
*அவரு ஒரு நாள் குடிச்சது.*
அனுப்பிவிட்டேன். மணி பதினொன்று நாற்பது.

அப்புறம்தான் எரிச்சல் வந்தது.
ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் நூறு.
மிக்சரில் பிரவுசர் நூறு.
இயர்போன் ஓட்டையைத் தீக்குச்சியால் சுரண்டினேன்.
பழைய டிரைவருக்குத் திரும்பும் பட்டன்
சாம்பல் பூத்துக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை.
கொழிஞ்சாம்பாறை கடைக்குப் போன் போட்டேன்.
"ஒந்நு ரீஸ்டார்ட் செய்து நோக்கு, சேச்சி" என்றான் பினு.
செய்தேன். வந்தது.
அதே தலையணை.

பழைய சவுண்ட் பெட்டியைத் தோண்டி
யாரும் போகாத நாலாவது பக்கம் போனால்
அங்கே ஒரு புள்ளி, புத்தம் புதிதாக:
*அழைப்பு இருக்கும்போது
மற்ற ஒலிகளை எண்பது சதவீதம் குறை.*

யார் அழைப்பு?
தேடினால், ஓரத்தில் குறுகி ஒரு மீட்டிங்.
முந்தாநாள் பயிற்சி வகுப்பு.
ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் தானே திறந்து
தானே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது.
கூடத்தில் ஆள் நான் ஒருத்திதான்.
காலி நாற்காலிகளின் மரியாதைக்காக
இந்த மிஷின் காலையிலிருந்து
ஊரையே வாயடக்கி வைத்திருக்கிறது.

'ஒன்றும் செய்யாதே' என்ற புள்ளியைத் தொட்டேன்.
மீட்டிங்கை விட்டு வெளியேறினேன்.

துளசிமணி என் காதுக்குள் கத்தினாள்:
*கள்ளு வண்டிதான் ஓட்டுவாருங்க,
அவரு ஒரு நாளும் குடிச்சதில்லீங்க.*

ஒரு 'உம்' போயிருக்கிறது.
ஒரு 'இல்ல' போயிருக்கிறது.
நம் பேச்சில் இல்லை கடைசியில்தான் வரும்,
மூச்சு தீரும் இடத்தில்.
மலையாளத்திலும் அப்படித்தான், அதே இல்ல.
இந்த எல்லையில் இரண்டு பக்கமும்
முதலில் செத்துப்போகும் சொல் அதுதான்.

பைல் பூட்டியாகிவிட்டது.
சூப்பர்வைசருக்கு இங்கிலீஷில் எழுதினேன்.
அந்த மொழியில் இல்லை முன்னாலேயே வந்துவிடுகிறது,
மூச்சு மிச்சமிருக்கும்போதே.
இருந்தும் அதைப் பெரிய எழுத்தில் போட்டேன், இரண்டு தடவை.
என் தவறு என்றும் எழுதினேன்.
ஒரு ரூபாயைப் பற்றி எழுதவில்லை.

இன்னும் பதில் இல்லை.
செல்போன் மட்டும் சிணுங்கி
கேரளாவுக்கு நல்வரவு சொல்கிறது.
நான் நாற்காலியை விட்டே எழவில்லை.

இயர்போனைப் பிடுங்கிவிட்டு
ஸ்பீக்கரில் அவளை மறுபடி ஓட்டுகிறேன், நூறில்.
டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்த
கள்ளு வண்டிக்காரர் ஒருவர்
ஜன்னல் பக்கம் திரும்பி,
"ஆரு, என்னையா?" என்கிறார்.