கப்பல் வரும்போது

செக்காலை ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில்
ஆறரை மணி வகுப்பு.
பலகையில் எழுதினேன்:
‘என் கப்பல் வந்து சேரும்போது.’
பழைய இங்கிலீஷ்,
இப்போது யாரும் பேசுவதில்லை.
கையில் காசு வந்ததும் என்று பொருள்.

யார் கப்பல் சார், என்றார்
ஃபிரிட்ஜ் மெக்கானிக் அடைக்கலம்.
யாருடையதும் இல்லை.
என்ன சரக்கு?
அதுவும் இல்லை.
‘அப்ப இன்சூரன்சும் இருக்காது’
என்றார் எல்.ஐ.சி. உமையாள்.

தமிழில் இருப்பதைச் சொல்லுங்கள் என்றேன்.
மானம் ஏறிப்போன கப்பல் ஒன்று.
கவிழ்ந்து, கன்னத்தில் கை வைக்கவிட்டது ஒன்று.
வந்து சேர்ந்த கப்பல்
யோசித்து யோசித்துப் பார்த்தும்
ஒருவருக்கும் அகப்படவில்லை.
உட்கார்ந்திருந்த பெஞ்சு
இடித்த வீட்டில் ஏலம் எடுத்த
பர்மாத் தேக்கு.

வாக்கியத்தில் அமைத்துக் காட்டுங்கள்.
நஜிமுனிசா எழுந்தாள்.
‘என் கப்பல் வந்து சேரும்போது
ரெண்டு மாச ஃபீஸ் கட்டிடுவேன் சார்.’
முழுக்க இங்கிலீஷில்.
காலம், வேற்றுமை, எதிலும் பிழையில்லை.
சரி போட்டேன்.

கீழே வாடகைக்கு நின்ற ஜெராக்ஸ்காரரிடம்
அதையே தமிழில் சொன்னேன்.
பேப்பரை அடுக்கிக்கொண்டே கேட்டார்:
‘தொண்டிக்கா, தூத்துக்குடிக்கா?’