பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்

எண்ணெய் போகக் குளித்துவிட்டு வரச் சொல்லியிருந்தோம்.
வெயிலுமுத்து சீயக்காய் மணக்க வந்தார்,
சிம்மக்கல் கிளினிக்குக்கு, இரண்டாம் மாடி,
கீழே வாழைப்பழ மண்டி.
டேப் வைத்து மண்டையை அளந்து
சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தேன்,
இருபத்தோரு புள்ளி.
"கோலமா போடுறீங்க?" என்றார்.
சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஷேர் ஆட்டோ. காளவாசல் திருப்பம்.
காலை ஒன்பதே கால், நல்ல வெளிச்சம்.
டிபன் கேரியரோடு குறுக்கே வந்த பெண்ணுக்கு
இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.
வலிப்பு ஏதும் உண்டா என்று பார்க்க
இவரை இங்கே அனுப்பியிருக்கிறார்கள்.
"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேம்மா. தெரியல."
ஸ்டேஷனிலும் இதையேதான் சொன்னாராம்.
எழுதினவர்
முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

கண்ணை மூடுங்க.
பின்மண்டையில் எழும்பியது அலை,
நொடிக்குப் பத்து,
தையல் மெஷின் ஓட்டிப் போன மாதிரி.
திறங்க.
அடங்கியது.
அடங்கியதே தவிர நிற்கவில்லை.

படிக்கும்போது நானும் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.
இருட்டறை. ஒரே இடத்தில், ஒரே மங்கலில்
ஒரு புள்ளி மின்னி மறையும்.
தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும்.
நாற்பதில் பத்தொன்பது அழுத்தினேன்.
மீதி இருபத்தொன்றும் என் கண்ணுக்குள் வந்ததுதான்.
அலை ஏறும்போது வந்ததா, இறங்கும்போது வந்ததா,
பாதி வழக்கு அதில் இருந்தது.

பார்த்தேன் என்றால் எழுவாய் நான்.
தெரிந்தது என்றால் எழுவாய் அது,
நான் வெறும் 'எனக்கு'.

ஆனால்
மங்கல் புள்ளிக்குப் போட்ட கணக்கைப்
பட்டப்பகலில் ஒரு பெண்ணுக்குப் போட முடியாது.
போன் அடித்ததா, பின்சீட்டில் யாரும் சில்லறை கேட்டார்களா,
அதெல்லாம் என் தாளில் விழாது.

இலக்கணத்தில் மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது.
அதற்குள் மூன்று அலை போய்விடும்.
டாக்டர் இவருக்கு எந்த மாத்திரையும் எழுதவில்லை.
ரிப்போர்ட்: இயல்பு.

"நார்மல்னா, அப்ப எம்மேலதான் தப்பா?"
ஈரத் துண்டால் தலையைத் துடைத்தபடி கேட்டார்.
காதுக்குப் பின்னால் இன்னும் பசை இருக்கு என்றேன்.

ஏழு மணிக்கு ரவுண்டானாவில் ரோட்டைக் கடக்கிறேன்,
ஊரே கடப்பது போல
ஒரு கையை வண்டிகளுக்குக் காட்டிக்கொண்டு.
எதிரே விளக்குகள்.
விளக்குகளுக்குப் பின்னால் திறந்திருக்கும் கண்கள்.
கண்களுக்குப் பின்னால்
ஏறுகிறதோ இறங்குகிறதோ, யார் கண்டது.
இந்த அலையில் விட்டாலும்
அடுத்ததில் தெரியட்டும் என்று
கையை இறக்கவில்லை.

அந்தப் பக்கம் ஏறிய பிறகும்
நீட்டியபடியே நின்றிருக்கிறேன் போல.
கடலை வண்டிக்காரர் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டே
"எவ்வளவுக்கும்மா?" என்றார்.