இழுத்துப் பார்த்தல்

குரல்கள் போய் பதினாலு மாதம்.
மின்விசிறிக்குள் உட்கார்ந்து என் பெயரைக் கெடுத்தவர்கள்,
29சி பேருந்தின் பின்சீட்டிலிருந்து
இறங்கு இறங்கு என்றவர்கள்,
எல்லோரும் இறங்கிவிட்டார்கள்
சொல்லிக்கொள்ளாமல்.

மாத்திரை வேலை செய்கிறது.
இருந்துவிட்டுப் போக அதற்கு வாடகை:
விடிந்தால் எச்சிலில் நனைந்த தலையணை,
மாதம் ஒருமுறை முழங்கை மடிப்பில் ஊசி,
அப்புறம்
இந்தப் பூட்டு.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
பூட்டுகிறேன். இழுக்கிறேன். பூட்டியிருக்கிறது.
இழுக்கிறேன்.
நாற்பத்திரண்டு படி இறங்கி
மாவு மில் வரை போய்
திரும்ப ஏறுகிறேன்.
பூட்டியிருக்கிறது.
கேஸ்?

ஜெராக்ஸ் கடையில் மட்டும் தொல்லையில்லை.
அங்கே எண்ணினால் சம்பளம்.

முன்பு யாரோ சொன்னார்கள், செய்தேன்.
இப்போது யாரும் சொல்லவில்லை,
செய்கிறேன்.
எதுண்ணே மோசம் என்று கேட்டான் தம்பி தியோபிலஸ்.
பதில் தாமதமானது
அவன் சட்டைப் பித்தான்களில் நான் இருந்ததால்.

ஆறு மாதம் மறைத்தேன்.
சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள்,
நிறுத்தினால் அடுத்த நிறுத்தத்திலேயே
அவர்கள் ஏறிக்கொள்வார்கள்.

கீழ்ப்பாக்கத்தில் என் டோக்கன் எண்பத்தேழு.
அது எண்பத்தேழுதானா என்று
நான் பார்த்துக்கொண்டே இருந்ததை
டாக்டர் நிலோஃபர் பார்த்துவிட்டார்.
ஏன் பார்க்கிறீங்க என்று கேட்கவில்லை.
ஒரு நாளைக்கு எத்தனை தடவை? என்றார்.
பூட்டு, கேஸ், குழாய், எல்லாவற்றையும் கொட்டினேன்.
"குரலை அடக்கின மாத்திரையே
கையைக் கிளப்பி விட்டிருக்கும். சிலருக்கு வரும்.
நீங்களா நிறுத்திடாதீங்க.
மெதுவா குறைப்போம், கூட ஒண்ணு சேர்ப்போம்.
பூட்டை ஒரு தடவை இழுங்க,
அப்புறம் பதறட்டும்.
பதறினா பதறிட்டுப் போகுது."

இரவு தம்பி பிளேடால் மாத்திரையை வெட்டினான்.
தரையில் தெறித்த துணுக்கை
ஈர விரலால் ஒற்றி எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
இவ்வளவுதானா என்றான்.
இவ்வளவுதான்.

முதல் நாள் பேசின் பிரிட்ஜ் தாண்டும்போது
சட்டை முதுகோடு ஒட்டியது.
திறந்த கதவு, எரியும் வீடு, கருகிய தம்பி.
பிராட்வே வரை எல்லாம் எரிந்தது.
சாயங்காலம் வந்தால்
பூட்டு தொங்குகிறது.
நம்பவில்லை. ஆனாலும் நோட்டில் எழுதினேன்: ஐந்து.
மறுநாள் ஒன்பது.
அதையும் எழுதினேன்.

போன வாரம் நடு இரவில் ஏதோ உறுமியது.
மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன்,
குறைத்தது தப்போ, வந்துவிட்டார்களோ.
பிறகு தியோவை எழுப்பினேன்.
உனக்குக் கேட்குதா?
கேட்குது. தண்ணி லாரிண்ணே, எந்திரி.

இரண்டு பேருக்கும் கேட்ட சத்தம்!
அவன் டியூபோடு முன்னால் ஓடினான்.
பூட்டினேன். ஒருமுறை இழுத்தேன்.
குடங்களைத் தூக்கினேன்,
இரண்டு கையிலும் குடம்.
கீழே ஹாரன்.

படிகளை எண்ணினேன்தான்.
நாற்பத்திரண்டு.